திரும்பும் மட்டம்

மேட்டுக்கழனி நகர்,
முடிச்சூர் வழி, தாம்பரம்.
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு உங்கள் தங்கை கோகிலா எழுதுவது.

நான், உங்கள் மச்சான், அம்மா மூவரும் இங்கே சௌக்கியம். அம்மாவின் சர்க்கரை மட்டும் ஏறி இறங்கி விளையாடுகிறது. அருணாச்சலப் பிரதேசக் குளிருக்கு உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சாமான் கிடங்கில் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை என்று அண்ணி சொல்லி வருத்தப்பட்டார். ஒரு ஸ்டூலாவது வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டுமான முகாமில் சிக்னல் இல்லாதது ஒரு விதத்தில் எனக்கு வசதி. போன் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். இது அவள் காதுக்குப் போக வேண்டாம். அண்ணா, நான் படிக்கச் சேர்ந்திருக்கிறேன். கட்டட வேலைக்கான நில அளவை, டிப்ளமோ, தொலைதூரக் கல்வி. பாடம் தபாலில் வரும். பயிற்சித்தாளைத் தபாலில் அனுப்பினால் திருத்தி அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தாம்பரத்தில் நேர் வகுப்பு. நாற்பது வயதில் இது எதற்கு என்று நீங்கள் கேட்குமுன் நானே பல தடவை கேட்டுவிட்டேன். திருமுடிவாக்கத்துப் பட்டறையில் பில் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. வேறு பதில் இல்லை.

போன வாரம் ரோட்டோரம் செயல்முறை. நான் அளவுக்கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருத்தி கருவி வழியாகப் பார்த்துப் படிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தானா சத்யநாராயணன் மாமா குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் காரில் போக வேண்டும்? முகத்தைக் கம்புக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். அது நாலு விரல் அகலம்தான். சாயங்காலமே வீட்டுக்குப் போன் வந்துவிட்டது. உங்கள் மச்சான், “நம்ம வூட்டுப் பொம்பள ரோட்ல கம்பு புடிச்சிகினு நிக்குதுன்னு உங்க மாமா கேக்கறாரு. நான் இன்னா சொல்றது?” என்றார். வெட்கமாகத்தான் இருந்தது அண்ணா. ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன்.

அப்பா மனை பிரித்தபோது மிச்சம் வைத்த கடைசி மனையை விற்கப் போவதாக அண்ணி சொன்னார். என் கையெழுத்து எப்போது வேண்டுமோ சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
கோகிலா


கோகிலவாணி,
மேட்டுக்கழனி நகர், முடிச்சூர் வழி.
முகாமிலிருந்து, 2 ஜூலை 2024

அன்புத் தங்கை கோகிலாவுக்கு அண்ணன் ஹரிபிரசாத்தின் ஆசி.

நான் நலம். முழங்கால்தான் மழைக்கு முந்தின நாளே எனக்குச் சேதி சொல்லிவிடுகிறது. ஸ்டூல் வாங்கினேன். அதன் மேல் இப்போது ஆணிப்பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்து நெடுநேரம் சிரித்தேன். மட்டம் போட்டே வளர்ந்தவள் மட்டம் பார்க்கப் படிக்கிறாயா? தாழங்குழியில் நான் நீச்சல் பழகின நாட்களில், பால்வாடிக்கு மட்டம் போட்டுவிட்டு என் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பாயே, ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். நான் முங்கி எழ நேரமானால் ஊரே கேட்கிற மாதிரி அழுவாய்.

படி. நன்றாகப் படி. மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

மனை விஷயம் உண்மைதான். எனக்கு இந்த மலை போதும் கோகிலா. பெருங்களத்தூரில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை போட்டு, மிச்ச நாளை உன் அண்ணியோடும் குழந்தையோடும் கழிக்க வேண்டும். குழந்தைக்கு என் குரல்தான் தெரியும், முகம் மறந்துவிட்டது. ஆனால் வருகிறவர்கள் எல்லாரும் வெள்ளம் வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உனக்கு யோசனை ஒன்று சொல்கிறேன். உன் படிப்புக்கு எங்கேயோ ஒரு இடத்தை அளக்கத்தானே வேண்டும்? நம் மனையையே அள. படித்த பெண் அளந்தது என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். அது நல்ல மேடுதான், உனக்கே தெரியும்.

அம்மாவை மாத்திரை விடாமல் சாப்பிடச் சொல்.

அண்ணன்,
ஹரி


மேட்டுக்கழனி நகர்,
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். உங்கள் முழங்காலுக்கு அம்மா தைலம் கொடுத்தனுப்பச் சொல்கிறாள். பார்சல் தனியாக வருகிறது.

நீங்கள் சொன்னபடியே நம் மனையை அளந்துவிட்டோம். என்னோடு கூட்டு சேர்ந்தவள் மாளவிகா. நாவலூரில் ஒரு கட்டட கம்பெனியில் வேலை. குரோம்பேட்டையில் வாடகை வீடு. என்னைவிடப் பத்து வயது சின்னவள். வகுப்பில் என் பக்கத்தில்தான் உட்காருவாள். அவள் தயிர்சாதம் எனக்கு, என் மீன்குழம்பு அவளுக்கு. இது அவள் வீட்டுக்குத் தெரியாது.

அளக்கிற விதத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிகிற தண்ணீர் போகும் வாய்க்கால் மேல் ஒரு சிறுபாலம் இருக்கிறதல்லவா? அதன் கீழ்ப்படியில் ஒரு குறி வெட்டியிருக்கிறது. அந்தக் குறிவரை தண்ணீர் வந்தால் வாய்க்கால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நம் மனை அந்தக் குறிக்கு மேலே இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும். கீழே இருந்தால் வாய்க்கால் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு மனைக்குள் வரும். மாளவிகா வாய்க்காலுக்குள் இறங்கிக் கம்பை நீட்டிப் பிடித்தாள். நான் ரோட்டில் கருவியை வைத்துப் படித்தேன். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து மனைவரை வந்தோம். மனை குறிக்கு மேலே ஒரு சாண் உயரம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா வைத்த பெயர் பொய்யில்லை.

விதிப்படி அங்கிருந்து திரும்பவும் பாலம்வரை அளந்துகொண்டே போய் முடிக்க வேண்டும். புறப்பட்ட அளவும் திரும்பி வந்த அளவும் பொருந்தினால்தான் கணக்கு சரி. பாதியில் தூறல் பிடித்துக்கொண்டது. டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். திரும்பும் மட்டத்தை வீட்டில் உட்கார்ந்து எழுதி முடித்தேன். தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான சேதி. மாளவிகாவுக்கு மனை பிடித்துவிட்டது. அவள் அப்பா சுந்தரராமன் சாரை அழைத்து வந்தாள். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வாடகை வீட்டின் தரைத்தளத்தில் மாட்டிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் மனைவியைக் கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றியவர். மனையைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்து, “தண்ணி நிக்குமாம்மா?” என்றார்.

“நிக்காது சார். நானே அளந்திருக்கேன்” என்றேன்.

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு இதுவரை யாரும் இப்படி மரியாதை கொடுத்ததில்லை அண்ணா. உங்கள் மச்சானிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அன்புடன்,
கோகிலா


கோகிலவாணி,
மேட்டுக்கழனி நகர், முடிச்சூர் வழி.
முகாமிலிருந்து, 15 ஆகஸ்ட் 2024

என் அருமைத் தங்கைக்கு,

சௌக்கியம். சௌக்கியத்துக்கு என்ன குறை, உன் கடிதம் கையில் இருக்கும்போது? வந்த அன்றே சரக்கு வண்டியில் கீழே டவுனுக்குப் போய் சுந்தரராமன் சாருக்குப் போன் செய்தேன். தங்கமான மனிதர். “உங்க தங்கை ஒரு வார்த்தை சொன்னா, அது போதும்” என்றார். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை பிறந்ததும் பத்திரப்பதிவு. இப்போதைக்கு ஒப்பந்தமும் முன்பணமும் மட்டும். அம்மாவையும் அழைத்துப் போய் நீ கையெழுத்துப் போட்டுவிடு. என் கையெழுத்தைத் தபாலில் அனுப்புகிறேன்.

பெருங்களத்தூரில் கடைக்கு ஷட்டர் பார்க்க உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு நான் அங்கே இருப்பேன்.

அப்பா இருந்திருந்தால் உன்னை நினைத்து மீசையை முறுக்கியிருப்பார்.

அண்ணன்,
ஹரி


மேட்டுக்கழனி நகர்,
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா சௌக்கியம். ஒப்பந்தத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். மாளவிகா எனக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் என் பயிற்சித்தாள் திரும்பி வந்தது. வகுப்பு எடுக்கும் வில்பிரட் சார்தான் திருத்துகிறவர். மதிப்பெண் போடவில்லை. கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘புறப்பட்ட அளவுக்கும் திரும்பிய அளவுக்கும் வித்தியாசம் சுத்தமாகப் பூஜ்யம். இருபது வருடமாக அளக்கும் எனக்கே இது அமைந்ததில்லை. மீண்டும் போய் அளக்கவும்.’

படித்ததும் காது சூடாகிவிட்டது. பஜ்ஜி சாப்பிட்டதை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. ஞாயிறு வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மாளவிகா, “ஏன்க்கா, மார்க் கம்மியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அளவு சரியாகத்தான் இருக்கும். எழுதின விதம்தான் தப்பு. அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஜூலைக் கடிதத்தில் தாழங்குழி என்று எழுதியிருந்தீர்களே, அது எங்கே இருக்கிறது? சட்டையும் கரையும் எனக்கு மங்கலாக ஞாபகம் வருகின்றன, இடம் மட்டும் வரவில்லை. முடிச்சூர்ப் பக்கம் அந்தப் பெயரில் எதுவும் இப்போது இல்லையே.

பதில் போடுங்கள்.

கோகிலா


கோகிலவாணி,
மேட்டுக்கழனி நகர், முடிச்சூர் வழி.
முகாமிலிருந்து, 20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. தைலம் வந்து சேர்ந்தது, அம்மாவிடம் சொல். சமையல்காரன் ஊருக்குப் போய்விட்டதால் தினமும் உருளைக்கிழங்குதான். மலையில் மண் சரிந்து சாலை ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்தது. தபால் தாமதம் அதனால்தான்.

வாத்தியார்கள் என்றால் ஏதாவது எழுதத்தான் செய்வார்கள். மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. முடிந்த காரியத்தை நோண்ட வேண்டாம். தீபாவளிக்கு உனக்கும் அம்மாவுக்கும் துணி எடுக்க அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்,
ஹரி


மேட்டுக்கழனி நகர்,
3 நவம்பர் 2024

அண்ணாவுக்கு,

தீபாவளி நல்லபடி போயிற்று. துணி வந்தது. இன்னும் பிரிக்கவில்லை.

நீங்கள் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. கிழங்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வில்பிரட் சாரிடம் கருவியைக் கேட்டு வாங்கி, மாளவிகாவுக்குச் சொல்லாமல், உங்கள் மச்சானைக் கம்பு பிடிக்க வைத்து மறுபடி அளந்தேன். பாவம், முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாலத்தடியில் அவர் கம்பை நீட்டியபோது ‘டக்’கென்று ஒரு சத்தம் ரோட்டில் நின்ற எனக்கே கேட்டது. உள்ளேயிருந்து இழுக்கிற கம்பு அது. முழுக்க வெளியே வந்தால் அந்தச் சத்தம் வரும். போன தடவை அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. மாளவிகா கையில் அது ஒரு முழம் உள்ளேயே நின்றிருக்கிறது. குறியில் வைத்த முதல் அளவே தப்பு. கம்பு கூட்டிக் காட்டிய அந்த ஒரு முழத்தால், கணக்கில் குறி தாழ்ந்து மனை உயர்ந்துவிட்டது. திரும்ப அளந்துகொண்டு போயிருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும். திரும்பும் மட்டத்தைத்தான் நான் மட்டம் போட்டேனே.

இந்த முறை திரும்பியும் அளந்தேன். சின்ன வித்தியாசம் வந்தது, வர வேண்டிய அளவுக்கு வந்தது. ஒரு சாண் மேலே என்று நான் சொன்ன மனை குறிக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது.

மாளவிகா மேல் பழி போடலாம். கம்பு அவள் கையில் இருந்தது. ஆனால் படித்தவள் நான், பொய்யாக எழுதி முடித்தவள் நான். மேடாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டே அளந்தவளும் நான்தான்.

அம்மாவிடம் தாழங்குழி எங்கே என்று கேட்டேன். முறத்தை விட்டுத் தலையை நிமிர்த்தாமல், “அதாண்டி நம்ம கடேசி மனை. அதையும் சேத்து அந்தாண்ட ரெண்டு தெருவும் தாழங்குழிதான். இன்னா பேர் வெச்சா இன்னா, தண்ணிக்கு அதோட எடம் தெரியாதா?” என்றாள்.

நம் வீடு நிற்கிற மூலை மட்டும்தான் மேடாம். அந்த மூலையின் பெயரை எடுத்து அப்பா முழு நகருக்கும் வைத்திருக்கிறார். நீங்கள் அப்போது அவர் கூடவே நின்றீர்கள். மனைக்கல் நட்டது நீங்கள்தான்.

சுந்தரராமன் சாரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். விற்பவர் சொன்னால் மரியாதை. நான் சொன்னால் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

கோகிலா


மேட்டுக்கழனி நகர்,
4 டிசம்பர் 2024

அண்ணாவுக்கு,

உடம்பு சுகம்தானே? போன வாரம் நீங்கள் சுந்தரராமன் சாருக்குப் போன் செய்து பொங்கலுக்கு வருவதைச் சொன்னீர்களாம். மாளவிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்குச் சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை புயல். விடிய விடிய மழை. ஞாயிறு காலை குடையை எடுத்துக்கொண்டு கடைசி மனைக்குப் போனேன். முழங்கால் தண்ணீர். மனைக்கல் தெரியவில்லை. அங்கே நிற்கும்போதே மாளவிகா போன் செய்தாள். “அக்கா, நம்ம மனை எப்படி இருக்கு?” என்றாள். நான் இன்னும் வெளியே போய்ப் பார்க்கவில்லை என்று சொன்னேன். தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னேன் அண்ணா. “நீங்க நனையாதீங்கக்கா, நீங்க அளந்ததுதானே, ஒண்ணும் ஆகாது” என்றாள்.

புயலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் அண்ணியைப் பார்த்தேன். கடைக்கு என்று பெரிய தராசு ஒன்றை விலை பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார். கேட்காத மாதிரி மீன் கடைப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் என்ன பாவம் செய்தார்?

அந்த 2015 டிசம்பரில் இந்தத் தெருக்காரர்கள் எல்லாம் நம் மாடியில் நான்கு நாள் தங்கினார்களே, அம்மாவும் நானும் அண்டாவில் சோறு வடித்தோமே. ஊரே மூழ்கின வெள்ளம், அதில் இந்தத் தெருக்களும் மூழ்கின என்றுதான் அப்போது நினைத்தேன். வெள்ளம் வடிந்ததும் நலச்சங்கத்தார் வந்து அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டோ கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது. மூழ்குகிற இடத்தை மேடு என்று அவர்களுக்கு விற்றவர் அவர். பக்கத்தில் நீங்கள் கைகட்டி நிற்கிறீர்கள். நான் தட்டு பிடித்துச் சிரிக்கிறேன். உங்கள் முகத்தில் மட்டும் சிரிப்பில்லை என்று எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தப் போட்டோவைக் கடந்து சமையலறைக்குப் போகவே கூசுகிறது.

சுந்தரராமன் சாரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். “செத்தவர் பேர ஏண்டி சந்திக்கு இழுக்கற?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

தைக்கு அதிக நாள் இல்லை. எழுதுங்கள்.

கோகிலா


கோகிலவாணி,
மேட்டுக்கழனி நகர், முடிச்சூர் வழி.
முகாமிலிருந்து, 20 டிசம்பர் 2024

கோகிலாவுக்கு,

இருக்கிறேன்.

புயலைப் பற்றி எழுதியிருந்தாய். சென்னைக்குத் தெற்கே புயலில் தண்ணீர் நிற்காத மனை ஒன்றைக் காட்டு பார்க்கலாம். அவர்கள் கட்டும்போது மண் அடித்து உயர்த்திக் கட்டினால் போயிற்று. எல்லாரும் அப்படித்தான் கட்டுகிறார்கள். ஒரு சாணுக்காக இவ்வளவு கடிதமா?

மனைக்கல் நட்டபோது எனக்கு இருபத்தைந்து வயது. அப்பா காட்டின இடத்தில் நட்டேன். அவரை எதிர்த்துப் பேசினவர் நம் வீட்டில் யார், நீ சொல்.

ஆறு வருஷமாக இரும்பையும் சிமெண்ட்டையும் எண்ணிக்கொண்டு இந்த மலையில் கிடக்கிறேன். பொங்கலுக்கு விடுப்பு இல்லை என்றுவிட்டார்கள், பத்திரப்பதிவுக்குத்தான் வர முடியும். நான் திரும்பி வர வேண்டாமா? வருவதற்கு எனக்கு வேறு வழி இருக்கிறதா? உன்னைப் படி என்று சொன்னது நான். அந்தப் படிப்பை வைத்தே என்னை மட்டம் தட்டாதே அம்மா. உன் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள். தை முடியும்வரை பேசாமல் இரு.

ஹரி


மேட்டுக்கழனி நகர்,
20 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கல் வாழ்த்துக்கள். அம்மா நலம், பேசுகிறாள். உங்கள் கடிதம் கிடைத்தது. ‘காலில் விழுந்து’ என்ற இடத்துக்கு மேல் நெடுநேரம் என்னால் படிக்க முடியவில்லை. என் அண்ணன் எனக்கு எழுதுகிற வார்த்தையா அது?

ஆனால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

மண் அடித்து உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குப் போகும். அதுவும் அப்பா விற்றதுதான். நீங்கள் கிடங்கில் இருப்பவர், உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு மாளவிகாவையும் அவள் அப்பாவையும் வரச் சொன்னேன். கருவியை வாங்கி வைத்திருந்தேன். வாயால் சொல்லத் தைரியம் இல்லை, அளந்து காட்டிவிடலாம் என்று நினைத்தேன். இந்த முறை கம்பு என் கையில், கருவி அவளிடம். வாய்க்காலுக்குள் இறங்கி, அந்தச் சத்தம் கேட்கும்வரை இழுத்து, குறியில் வைத்துப் பிடித்தேன். அங்கிருந்து மனைவரை வந்து, திரும்பப் பாலம்வரை அளந்துகொண்டே போனோம். நடுவில் சத்யநாராயணன் மாமா கார் வந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நான் முகத்தை மறைக்கவில்லை. அன்றைக்கு நான் வெட்கப்பட வேண்டியது அவரிடம் இல்லை.

மாளவிகா பாலத்துச் சுவரில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். இரண்டாம் தடவையும் போட்டாள். பிறகு என்னைப் பார்த்து, “அன்னிக்கு நாம திரும்பி அளக்கவே இல்லையேக்கா. அந்தக் கணக்கு எங்கேருந்து வந்தது?” என்றாள்.

“நான் எழுதினது” என்றேன்.

தாழங்குழி என்ற பெயரையும் சொன்னேன். அப்பா பெயர் வைத்த கதையையும் சொன்னேன். நீங்கள் நீச்சல் பழகியதைச் சொல்லவில்லை. அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

சுந்தரராமன் சார் திட்டவில்லை. புயல் தண்ணீர் வற்றாமல் மனையின் மூலையில் இன்னும் பச்சையாக நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே, “நீ அளந்தேன்னு சொன்னியேம்மா” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து அழுதிருப்பேன். ஒப்பந்தம் வேண்டாம், கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று மாளவிகாதான் சொன்னாள். அடுத்த வகுப்பில் அவள் முன் வரிசைக்குப் போய்விட்டாள். தயிர்சாத டப்பாவைத் திறக்கிற சத்தம் எனக்கு அங்கிருந்து கேட்டது.

நீங்கள் திரும்பி வருகிற வழியை நான்தான் அடைத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. அண்ணியை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவர் தராசைத் துணி போட்டு மூடினார்.

பயிற்சித்தாளை மறுபடி அனுப்பியிருக்கிறேன். ‘அளந்த இடத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன தடவை மேட்டுக்கழனி நகர் என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை தாழங்குழி என்று எழுதினேன். தபால் கொண்டுவரும் கிளியம்மாளிடம், இனி அந்தப் பெயரில் எனக்குக் கடிதம் வந்தால் கொடுத்துவிட வேண்டும் என்றேன். சிரித்துவிட்டு, “எங்களுக்குத் தெரியாதாக்கா? நீங்க வேற பேரு எழுதறீங்களேன்னு நாங்க சும்மா இருந்தோம்” என்றாள். ஊரே நமக்காகச் சும்மா இருந்திருக்கிறது.

நம் வீடு மேட்டில்தான் இருக்கிறது. ஆனாலும் நம் விலாசம் அதுதான். எனக்கு இனி எழுத நினைத்தால் அந்த விலாசத்துக்கு எழுதுங்கள். எழுத முடியாவிட்டால், உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை.

முழங்காலுக்குத் தைலம் தீர்ந்திருக்கும். அனுப்புகிறேன்.

உங்கள் தங்கை,
கோகிலா


கோகிலவாணி,
தாழங்குழி, முடிச்சூர் வழி, தாம்பரம்.
முகாமிலிருந்து, 2 மார்ச் 2025

அன்புத் தங்கை கோகிலாவுக்கு,

நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். தைலம் வந்தது. குளிர் குறைந்துவிட்டது.

சுந்தரராமன் சார் கொடுத்ததைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். நான் நீச்சல் பழகிய இடம் எது என்று அதில் எழுதியிருக்கிறேன். நீ சொல்லாமல் விட்டது அதுதானே.

இங்கே வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டித்துக் கையெழுத்துப் போட்டேன். உன் அண்ணியைப் போய்ப் பார்த்துக்கொள். குழந்தையிடம் என் போட்டோவைக் காட்டச் சொல். கூடத்தில் இருக்கிற அந்தப் போட்டோ வேண்டாம்.

இந்தக் கடிதம் போன மாதமே எழுதியது, தேதி போட்டுத் தபாலில் சேர்ப்பது இன்றுதான். பழக்கத்தில் பழைய பெயரையே எழுதி, இரண்டு உறையைக் கிழித்துப் போட்டேன். இதாவது உன் கைக்கு வந்து சேரட்டும்.

அண்ணன்,
ஹரி